கரையிலிருந்தே கடலுக்குள்: பொனேர் தீவில் சிக்கனமாக ஸ்கூபா

ஸ்கூபா டைவிங் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சொல்வதில் பாதிதான் உண்மை. காசைக் கரைப்பது பெரும்பாலும் கடல் அல்ல, படகு. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் நீரோட்டம் வலுவானது. ஓரிடத்தில் இறங்கினால் வேறோர் இடத்தில்தான் மேலே வருவோம். அதுவரை படகு கூடவே வர வேண்டும். படகோட்டி, எரிபொருள், வழிகாட்டி எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நாளும் பணம் கட்டியாக வேண்டும். கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய இடம் கிடைத்துவிட்டால் இந்தச் செலவு முழுவதும் மிச்சம். கரீபியனில் அதற்குப் பெயர்போன இடம் பொனேர்.

வெனிசுவேலாவுக்கு வடக்கே, அரூபா, குராசாவ் தீவுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய டச்சுத் தீவு இது. 2010 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. 2011 முதல் அமெரிக்க டாலரே இங்கே நாணயம். காற்று ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வீசுவதால் கிழக்குக் கரையில் அலை முட்டி மோதும். மேற்குக் கரை ஏரி போல அமைதியாகக் கிடக்கும். மழை குறைவு, ஆறுகள் இல்லை. அதனால் சேறு கலக்காமல் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. பவளத்திட்டோ கரையிலிருந்து சில நிமிட நீச்சலில் தொடங்கிவிடுகிறது. புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே இருப்பதால், மற்ற கரீபியன் தீவுகளுக்குப் போகத் தயங்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் இங்கே போகலாம். கூட்டம் குறைவான அந்த மாதங்களில் வாடகையும் இறங்கும்.

மேற்குச் சாலையில் காரோட்டிக்கொண்டு போனால் ஓரத்தில் மஞ்சள் வர்ணம் பூசிய கற்கள் தெரியும். அவற்றில் பெயர் எழுதியிருக்கும். ஒவ்வொரு கல்லும் ஒரு டைவ் தளம். தீவிலும் எதிரே இருக்கும் குட்டித் தீவான கிளைன் பொனேரிலும் சேர்த்து எண்பதுக்கும் மேற்பட்ட தளங்கள். அவற்றில் ஐம்பதுக்கும் மேல் கரையிலிருந்தே இறங்கக்கூடியவை. வண்டியை நிறுத்தி, உபகரணங்களை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். நேரம் நம்முடையது, அவசரப்படுத்த ஆளில்லை. புதியவருக்குப் பண மிச்சத்தைவிட இதுதான் பெரிய லாபம் என்பேன். படகில் பத்துப் பேர் காத்திருக்கும்போது, மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து பதறும் முதல் நாளை நிதானமாகக் கடக்க முடியாது.

பணக் கணக்குக்கு வருவோம். விமான டிக்கெட்டை ஒதுக்கி வைத்தால் செலவு நான்கு: தங்குமிடம், வண்டி, காற்று டேங்க், சாப்பாடு. நான்கு பேராகப் போனால் முதல் இரண்டும் நன்றாகக் குறையும். சமையலறையுள்ள அடுக்கக வீடு ஒன்றும் பிக்கப் டிரக் ஒன்றும் போதும். டேங்கைத் தனித்தனியாக வாங்காமல், ஒரு வாரத்துக்கு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் தொகுப்பாக வாங்க வேண்டும். பல டைவ் கடைகளில் டேங்க் எடுக்குமிடத்துக்கே டிரக்கைக் கொண்டுபோய் ஏற்றிக்கொள்ளலாம். வண்டி வாடகையும் டேங்கும் சேர்ந்த தொகுப்புகளும் உண்டு. அவற்றைத் தனித்தனி விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். உணவுப்பொருள் பெரும்பாலும் இறக்குமதி என்பதால் ஓட்டல் சாப்பாடு கையைக் கடிக்கும். தலைநகர் கிராலன்டைக்கில் நல்ல சூப்பர்மார்க்கெட்டுகள் இருக்கின்றன. அரிசியும் பருப்பும் வாங்கிச் சமைத்துக்கொண்டால் பாதிச் சுமை இறங்கும். கடல்நீரைச் சுத்திகரித்துத் தரும் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்கத் தேவையில்லை.

தவிர்க்க முடியாத கட்டணங்களும் உண்டு. வெளியிலிருந்து வரும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் நுழைவு வரியாக 75 டாலரும், கடல் பூங்காவுக்கான இயற்கைக் கட்டணமாக 40 டாலரும் கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டாவது கட்டணம் அந்த நாட்காட்டி ஆண்டு முழுவதற்கும் செல்லும். தொகைகள் அவ்வப்போது மாறக்கூடியவை, கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தமிழர்களுக்கு இது கட்டுப்படியாகும் விடுமுறை. மியாமி, அட்லாண்டா, ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களிலிருந்து விமானம் இருக்கிறது. நேரடி டிக்கெட் விலை அதிகமென்றால் குராசாவில் இறங்கிச் சிறிய விமானத்தில் தாண்டுவது சில சமயம் மலிவாக அமையும். சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கோ விமானச் செலவும், அமெரிக்கா வழியென்றால் அந்த நாட்டு விசாவும் சேர்ந்து ‘சிக்கனம்’ என்ற சொல்லையே விழுங்கிவிடும். அவர்களுக்கு அந்தமான்தான் சரி.

சான்றிதழை ஊரிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. ‘ஓப்பன் வாட்டர்’ எனப்படும் முதல்நிலைப் பயிற்சி மூன்று பகுதிகளைக் கொண்டது: பாடம், நீச்சல்குளப் பயிற்சி, கடலில் நான்கு டைவ். முழுவதையும் முடிக்க முடியாவிட்டால், முதல் இரண்டை மட்டும் ஊரில் முடித்து, பயிற்சியாளரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டால் கடைசிப் பகுதியை மட்டும் பொனேரில் செய்யலாம். விடுமுறையின் முதல் மூன்று நாட்களை வகுப்பறையில் கழிப்பது யாருக்குப் பிடிக்கும்? மருத்துவக் கேள்வித்தாளில் ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டியிருந்தால், மருத்துவரின் ஒப்புதலையும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய் அலைந்தால் நாள் போய்விடும்.

இந்தச் சான்றிதழ் அனுமதிக்கும் ஆழம் 18 மீட்டர். பொனேரின் அமைப்பு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. கரையிலிருந்து மணல் பரப்பு மெல்ல இறங்கி, ஏறக்குறைய 10 மீட்டர் ஆழத்தில் பவளச் சரிவு தொடங்கும். மேல் விளிம்பிலேயே கிளிமீன், ஆமை, ஏஞ்சல் மீன் எல்லாம் பார்த்துவிடலாம். இன்னும் கீழே போனால்தான் அழகு என்பதில்லை. தீவின் புகழ்பெற்ற ‘ஹில்மா ஹுக்கர்’ என்ற சரக்குக் கப்பல் 1984-ல் மூழ்கிப் பக்கவாட்டில் கிடக்கிறது. அதன் மேல்பகுதியே 18 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது, அடித்தளம் 30 மீட்டரில். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம், அது அடுத்த பயணத்துக்கு. ‘ஆயிரம் படிகள்’ என்ற தளத்தில் படிகள் உண்மையில் எழுபதை ஒட்டித்தான். டேங்கைச் சுமந்து திரும்பி ஏறும்போதுதான் பெயர் வைத்தவரின் நியாயம் புரியும். முதல் இரண்டு நாட்களுக்கு டைவ் கடைக்கு முன்னாலேயே, ஏணியும் படித்துறையும் உள்ள இடங்களில் இறங்குவதே உத்தமம்.

கரையில் இறங்குவது ஒரு தனிக் கலை. பொனேரின் கரை பெரும்பாலும் மணல் அல்ல. கூரான பவளப்பாறையும் உடைந்த பவளத் துண்டுகளும்தான். நீச்சல்குளத்தில் போடும் ரப்பர் செருப்பு வகை ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) இங்கே உதவாது. தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸும், அதன்மேல் மாட்டிப் பட்டையை இழுத்துக்கொள்ளும் ஃபின்னும் வேண்டும். ஃபின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, துணைவரின் தோளைப் பற்றி, காலைத் தூக்கிவைக்காமல் தேய்த்தபடி நகருங்கள். தண்ணீர் மார்பளவு வந்ததும் மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றி மிதந்துகொண்டு ஃபின்னை மாட்டுங்கள். நின்றபடியே மாட்ட முயன்று சிற்றலையில் குப்புற விழுபவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். கீழே போனதும் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து, முதலில் அதை எதிர்த்து நீந்துங்கள். களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய டேங்கில் 120 ஆனதும் திரும்பிவிடுங்கள். கரையேறும்போது 50 பாராவது மீதி இருக்க வேண்டும். மேலே வரும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பதையும் விடக்கூடாது. தீவின் தென்கோடியில் நீரோட்டம் கடுமையானது, புதியவர்கள் அந்தப் பக்கம் தவிர்க்கலாம்.

வண்டியில் எதையும் வைக்காதீர்கள். கரையோரம் நிற்கும் டிரக்கில் திருட்டு என்பது இந்தத் தீவின் பழைய தலைவலி. அனுபவசாலிகள் கண்ணாடியை இறக்கி, கதவைப் பூட்டாமலே விட்டுப் போகிறார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தால் கண்ணாடியாவது தப்பும். பாஸ்போர்ட், பணம், போன் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

1979 முதல் கரையைச் சுற்றிய கடல் முழுவதும், 60 மீட்டர் ஆழம் வரை, பாதுகாக்கப்பட்ட பூங்கா. வந்ததும் விதிமுறை விளக்கம் கேட்டு ஒரு சோதனை டைவ் செய்த பிறகே மற்ற இடங்களுக்கு விடுவார்கள். கையுறைக்குத் தடை, கையுறை போட்டவன் பவளத்தைப் பிடிப்பான் என்பதுதான் காரணம். 2023 முதல் கற்பவளங்களைக் கொல்லும் நோயொன்று பரவியிருப்பதால், உபகரணங்களைக் கிருமிநீக்கம் செய்யச் சொல்வார்கள், சில தளங்களுக்குப் போக வேண்டாம் என்பார்கள். கடையில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

சிக்கனம் பார்க்கக்கூடாத இடங்களும் உண்டு. டைவ் காப்பீடு முதலாவது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் உண்டாகும் அழுத்த நோய்க்கான சிகிச்சை அறை தீவிலேயே இருக்கிறது, ஆனால் காப்பீடில்லாமல் அதற்குள் போவது பயணச் செலவையே மிஞ்சிவிடும். இரண்டாவது, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர்; இல்லாவிட்டால் ஆளுக்கொன்று வாடகைக்கு எடுங்கள், இருவருக்கு ஒன்று போதாது. மூன்றாவது, முதல் நாளுக்கு மட்டுமாவது ஒரு வழிகாட்டி.

பல நாட்கள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானமேறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதனால் கடைசி நாளைத் தரையில்தான் கழிக்க வேண்டும். வடக்கே இருக்கும் வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்கு அன்று போகலாம். நீங்கள் ஏற்கெனவே கட்டிய 40 டாலரிலேயே அதன் நுழைவுக் கட்டணமும் அடங்கியிருக்கிறது.