குளிரில் உறங்கும் வண்டு

சிம்லாவிற்கு மாற்றலாகி வரும் நம்மவரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. ‘இவ்வளவு குளிரில் வண்டாவது, புழுவாவது!’ என்றெண்ணி, ஊரிலிருந்து வந்த புழுங்கலரிசி மூட்டையை அடுக்களை மூலையில் சாத்திவிடுகிறார்கள். தை முடியும் வரையில் நம்பிக்கை பலித்ததாகவே தோன்றும். சித்திரை பிறந்து மூட்டையை அவிழ்த்தாலோ, உள்ளே ஊர்வலம்!

அரிசி வண்டு தானியத்தில் துளையிட்டு, முட்டையை உள்ளே வைத்துப் பசையால் மூடிவிடுகிறது. புழுவும் கூட்டுப்புழுவும் மணிக்குள்ளேயே வளர்வதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சென்னை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வெளிவரும் வண்டுக்கு, இங்கே பல மாதங்கள் ஆகும். 15 டிகிரிக்குக் கீழே பெருக்கம் அநேகமாக நின்றுவிடும். ஆனால் நின்றதேயன்றி மடிந்ததன்று. போதாக்குறைக்கு, நாம் குளிர்காய மூட்டும் அங்கீட்டி மூட்டைக்கும் அல்லவா கதகதப்பூட்டுகிறது! பார்சல் ஆபீஸில் காலங்கழிக்கும் நமக்கு, சாக்கின் மேல் ஒரு வண்டு ஊர்ந்தாலே உள்ளிருக்கும் கூட்டம் விளங்கிவிடும்.

மழை ஓய்ந்த ஐப்பசி வெயிலில் அரிசியை இளஞ்சூட்டில் உலர்த்தி, நன்கு ஆறிய பின்னரே இறுக மூடும் தகர டப்பாவில் நிரப்புதல் வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் நீர் கோத்து, பூஞ்சணம் பிடிக்கும். டப்பா சுவரை ஒட்டாமல் பலகைமேல் இருக்கட்டும். பிரீசர் வைத்திருப்போர் சிறு பொட்டலங்களாக ஒரு வாரம் உள்ளே வைத்தெடுத்தால் முட்டையும் அழியும். வெளியே எடுத்தவுடன் பிரிக்கலாகாது, குளிர் தணியட்டும். பயறு வகைகளுக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறும் நம் பாட்டிமார் வழக்கம் மிகச் சரியானது. பயற்று வண்டு முட்டையை வெளித்தோலில் இடுவதால், எண்ணெய் அதனை மூச்சடைக்கச் செய்கிறது.

இனி, தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி. கடைவீதியில் ‘சல்பாஸ்’ என்ற பெயரில் வழங்கும் மாத்திரையைத் தானிய டப்பாவில் இடும் பழக்கம் வட இந்திய வீடுகளில் உண்டு. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை வெளிவிடும். அதற்கு மாற்றுமருந்து கிடையாது. பயிற்சி பெற்றோர் கிடங்குகளில் கையாள வேண்டியதைப் படுக்கையறையில் வைப்பதா? குளிருக்கஞ்சிக் கதவும் சன்னலும் அடைத்துறங்கும் இவ்வூரில் அபாயம் பன்மடங்கு. குளிரில் அவ்வாயு மெதுவாகவே வெளிப்படுமாதலால், நாள் பல ஆகிவிட்டதென்று கருதி டப்பாவைத் திறப்பதும் ஆபத்தே. எவர் வீட்டிலேனும் அது இருப்பின், கிளறாமலும் நீர் தெளிக்காமலும், கதவுகளைத் திறந்துவைத்து அனைவரும் வெளியேறி 112க்குத் தெரிவிக்க வேண்டும். தலைசுற்றலோ வாந்தியோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்க; மாத்திரையின் பெயரை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுக.