அஸ்ஸாமின் அகில்

ஏழாம் நூற்றாண்டில் காமரூபத்து மன்னன் பாஸ்கரவர்மன் ஹர்ஷவர்த்தனருக்கு அனுப்பிவைத்த காணிக்கைகளுள் அகில்பட்டையில் எழுதப்பட்ட சுவடிகளும் இருந்தன என்று பாணபட்டர் தம் ஹர்ஷசரிதத்தில் வர்ணிக்கிறார். அந்தக் காமரூபமாகிய இன்றைய அஸ்ஸாமிலே, காடுகளில் வெட்டுவோர் கைப்பட்டு அருகிப்போன அம்மரம், கோலாகாட், ஜோர்ஹாட் ஜில்லாக்களின் வீட்டுத் தோட்டங்களில், கமுகுக்கு நடுவிலும் தேயிலைச் செடிகளின் ஊடேயும் குடியானவர்களின் பராமரிப்பில் இன்னும் செழித்து நிற்கிறது.

அகில் விதை சேமிப்புக்கு இணங்காதது. ஜூன், ஜூலை மாதங்களில் காய் முற்றி வெடித்ததும் விதையைச் சில தினங்களுக்குள் நிழலிலுள்ள மணற்பாத்தியில் இட்டுவிட வேண்டும்; ஈரம் உலர்ந்தால் அதன் ஜீவனும் போய்விடும். முளைத்த கன்றுகளைப் பைகளுக்கு மாற்றி, ஏறக்குறைய ஓராண்டு பேணி, நீர் தேங்காத நிலத்தில் மழைக்காலத்தில் நடுவார்கள்.

இதுவரை மற்ற மரங்களின் கதைதான். விசேஷம் இதற்குப் பின்னே இருக்கிறது. ஆரோக்கியமான அகில் மரத்தின் கட்டை வெளுத்து, இலேசாக, மணமற்று இருக்கும். ஜூஸெரா என்னும் அந்துப்பூச்சியின் புழு தண்டைக் குடைந்து உட்சென்று, அவ்வழியே பூஞ்சைகளும் புகுந்தபின்னரே, மரம் தன் ரக்ஷணைக்காகச் சுரக்கும் பிசின் அந்தக் காயத்தைச் சுற்றிப் படிந்து, கட்டையைக் கறுத்துக் கனக்கச் செய்து, உலகம் விலை கொடுத்து வாங்கும் பரிமளத்தை உண்டாக்குகிறது. ஆகவே அகில் பயிரிடுவோனுடைய தர்மம் விசித்திரமானது: கூட்டமாக மொய்த்து மரத்தையே மொட்டையாக்கும் இலைப்புழுவை அவன் அழிக்க வேண்டும், தண்டு துளைக்கும் புழுவையோ வரவேற்க வேண்டும். பூச்சிமருந்தைக் கண்மூடித் தெளிப்பவன் தன் லாபத்தையே அழித்துக்கொள்கிறான்.

புழுவுக்குக் காத்திராமல், தண்டில் துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்தும் முறைகள் இப்போது பரவியிருக்கின்றன. அவற்றை நான் குறைகூறவில்லை. ஆனால் பிசின் ஆழ ஊறுவதற்கு வருஷங்கள் வேண்டும் என்பதை மறந்து, இளமரத்தைத் துளைத்து அவசரமாக வீழ்த்துவோருக்குக் கிடைப்பது மட்டரகக் கட்டையே.

சர்வதேச வர்த்தகத்தில் இம்மரம் 1995 முதல் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்கிறது. எனினும் சட்டம் விதை தராது. விதையைக் களஞ்சியத்தில் வைக்க இயலாத இந்த ஜாதிக்கு நின்றுகொண்டிருக்கும் தாய்மரமே களஞ்சியம். ஆதலால் தோட்டம் வைத்திருப்பவர்கள், நல்ல விலை வந்தாலும், முதிர்ந்த மரங்களில் சிலவற்றையேனும் விதைக்கென்று வெட்டாமல் விட்டுவைக்க வேண்டுகிறேன்.