கப்பல் ஏறி வந்த கசப்பு!

பீர் ஏன் கசக்கிறது?

குடிப்பவர்களைக் கேட்டால், "பீர் என்றால் கசக்கத்தானே செய்யும்!" என்பார்கள். பார்லியால் கசக்கிறது என்று சிலர் சொல்வார்கள். போதைச் சரக்கால் கசக்கிறது என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் தவறு. முளை கட்டிய பார்லி இனிக்கும். பீருக்குக் கசப்பைக் கொடுப்பது ஒரு பூ!

அந்தப் பூவுக்கு "ஹாப்" என்று பெயர். அதைக் கொஞ்சமாகப் போட்டால் சாதாரண பீர். தாராளமாகப் போட்டால் கசப்பும் மணமும் தூக்கலாக இருக்கும். அப்படிப்பட்ட பீர்களில் பெயர் பெற்றது "இந்தியா பேல் ஏல்". பேல் என்றால் வெளிர் நிறம். ஏல் என்பது பீரில் ஒரு வகை. சுருக்கமாக ஐ.பி.ஏ. என்பார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். பெயரில் மட்டும் இந்தியா இருக்கிறது. இந்தியாவிலோ இதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிறது திருநின்றவூர். கோயில்களால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. வேலை விஷயமாகப் பெங்களூர் போய் வருபவர்கள் இங்கே உண்டு. அங்கே சின்னச் சின்ன ஆலைகளில் காய்ச்சும் பீரைச் சுவைத்தவர்கள், "பீரில் ஆரஞ்சு வாசம் வருகிறதே! எசென்ஸ் கலக்குகிறார்களா?" என்று கேட்கிறார்கள்.

எசென்ஸ் இல்லை. எல்லாம் அந்தப் பூவின் வேலைதான்!

கொடியில் காய்க்கும் பூ

ஹாப் ஒரு கொடி. கொம்பிலும் கயிற்றிலும் சுற்றிக்கொண்டு 5, 6 மீட்டர் உயரம் ஏறும். நல்ல பருவத்தில் ஒரே நாளில் ஒரு சாண் கூட வளரும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பீருக்கு வேண்டியது பெண் கொடியின் பூ மட்டும். பச்சை நிறம். கட்டை விரல் அளவு. வெங்காயச் சருகு போல ஏடு ஏடாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். கசப்பும் மணமும் அந்தப் பொடியில்தான்.

இன்னொரு சங்கதி. கஞ்சாச் செடியும் ஹாப் கொடியும் ஒரே குடும்பம்! பயப்பட வேண்டாம். கஞ்சாவின் போதை ஹாப்பில் கிடையாது.

ஜெர்மனியில் 1516-ம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். பவேரியா நாட்டில் பீருக்குப் பார்லி, ஹாப், தண்ணீர் இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் சேர்க்கக்கூடாது என்பது சட்டம். காரணம் என்ன? ஹாப் சுவைக்கு மட்டும் அல்ல. பீரைப் புளிக்க வைக்கும் கிருமிகளை அது அடக்கி வைக்கும். நம் வீட்டில் ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ, அப்படி.

இங்கிலாந்தில் கென்ட் என்ற ஜில்லா ஹாப் தோட்டங்களுக்குப் பெயர் போனது. செப்டம்பர் மாதம் பூப் பறிக்கும் காலம். லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் இருந்த ஏழைக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடும். அவர்களுக்காகத் தனி ரயில்கள் விட்டார்கள். தாய், பாட்டி, குழந்தைகள் எல்லோரும் சில வாரங்கள் குடிசையில் தங்கிப் பூப் பறிப்பார்கள். நம் ஊரில் நடவுக்கும் கடலை பிடுங்கவும் குடும்பத்தோடு போவது போலத்தான். அந்த மக்களுக்கு ஆண்டில் கிடைத்த ஒரே வெளியூர்ப் பயணமும் அதுவே. பிறகு பூப் பறிக்க இயந்திரம் வந்தது. அந்தப் பயணமும் நின்றுபோயிற்று.

கம்பெனிக் கப்பலில்

கிழக்கிந்தியக் கம்பெனி காலம். சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பீர் வேண்டும். இங்கேயோ கொளுத்தும் வெயில். ஐஸ் இல்லை. பீர் காய்ச்சினால் புளித்துவிடும். ஆகவே லண்டனிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்தது.

சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ம் ஆண்டில்தான். அதற்கு முன் கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றி வர வேண்டும். நாலு மாதமும் ஆகும். ஆறு மாதமும் ஆகும். சென்னைக்கு அப்போது துறைமுகமும் கிடையாது. கப்பல் நடுக் கடலில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் படகோட்டிகள் அலையோடு போராடிச் சரக்கைக் கரை சேர்த்தார்கள். துரைமார்கள் குடித்த பீரும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

லண்டனில் "போ" என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை இருந்தது. கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்கு அது பக்கம். கப்பல் கேப்டன்களுக்கு அவர் கடனுக்குப் பீர் கொடுத்தார். வியாபாரம் கொழித்தது. ஹாப்பை அள்ளிப் போட்ட அவருடைய பீர், மாதக்கணக்காகக் கப்பலில் குலுங்கி வந்ததில் பக்குவப்பட்டுப் போயிற்று. இங்கிருந்தவர்கள் சப்புக் கொட்டிக் குடித்தார்கள்.

இந்தியாவுக்காகவே ஹாட்ஜ்சன் புதிதாகக் கண்டுபிடித்த பீர் இது என்று ஒரு கதை உலவுகிறது. அது கட்டுக்கதை. வெளிர் நிறப் பீர் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. ஏற்றுமதிச் சரக்குக்கு ஹாப்பைக் கூட்டிப் போடுவதும் பழைய வழக்கம். கறுப்பு நிறப் "போர்ட்டர்" பீரும் அதே கப்பல்களில் கெடாமல் வந்து கொண்டுதான் இருந்தது. ஹாட்ஜ்சனின் கெட்டிக்காரத்தனம் கடன் கொடுத்ததில்தான்!

டீ கெட்டிலில் பீர்!

நாள் ஆக ஆக அந்தக் கம்பெனிக்குத் தலைக்கனம் ஏறியது. விலையைக் கூட்டினார்கள். கடன் இல்லை என்றார்கள். கப்பல்காரர்களுக்குக் கோபம் வந்தது.

1822-ம் ஆண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர் மார்ஜோரிபாங்க்ஸ், பர்ட்டன் என்ற ஊரைச் சேர்ந்த பீர் முதலாளி ஆல்சாப்பை விருந்துக்கு அழைத்தார். ஹாட்ஜ்சன் பீரைக் காட்டி, "இதைப் போல உம்மால் செய்ய முடியுமா?" என்று கேட்டார். ஆல்சாப்புக்கு அப்போது ரஷ்ய வியாபாரம் படுத்துப்போயிருந்த நேரம். மாதிரிப் பீரை ஊருக்கு எடுத்துப் போனார். அவரிடம் வேலை பார்த்த ஜாப் குட்ஹெட் என்பவர் அந்தக் கசப்பு பீரை முதன்முதலில் ஒரு டீ கெட்டிலில் காய்ச்சிப் பார்த்தாராம்!

பீர் நன்றாக வந்தது. பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அந்தத் தண்ணீரில் ஹாப்பின் கசப்பு பளிச்சென்று எடுத்துக் காட்டும். கொஞ்ச காலத்தில் ஹாட்ஜ்சனைத் தூக்கி எறிந்துவிட்டுப் பர்ட்டன் பீர் இந்தியாவைப் பிடித்துக்கொண்டது. "இந்தியா" என்ற அடைமொழி பத்திரிகை விளம்பரங்களில் ஏறியதும் அந்தக் காலத்தில்தான்.

பின்னால் இந்தியாவிலேயே ஆலை வைத்தார்கள். இமயமலை அடிவாரத்துக் குளிரில், கசௌலியில் ஆலை நிறுவியவர் எட்வர்ட் டையர். 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் சுட்டுத் தள்ளினானே ஜெனரல் டையர், அவனுடைய தகப்பனார்தான் இவர்!

தொண்டை நாட்டுப் பீர்

வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குப் பீர் தெரிந்தது என்று நினைக்க வேண்டாம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிய சங்க நூல் பெரும்பாணாற்றுப்படை. திருநின்றவூரும் அந்தத் தொண்டை மண்டலத்து ஊர்தான். மீன் பிடிப்பவர் குடியிருப்பில் அரிசியிலிருந்து மது செய்யும் முறையை அந்த நூல் படிப்படியாகச் சொல்லுகிறது.

குத்தாத அரிசியைக் களியாகக் காய்ச்ச வேண்டும். அகன்ற பாத்திரத்தில் கொட்டி ஆற வைக்க வேண்டும். அதில் ஓர் அடையைக் கலக்க வேண்டும். நெல் முளையை இடித்துச் செய்த அடை என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு வைத்திருந்து, சாடியில் விளைய விட்டுப் பிழிந்து எடுக்க வேண்டும்.

முளை கட்டிய தானியம், கூழ், புளிப்பு. பீரும் இதே வழியில்தான் உண்டாகிறது. ஹாப் பூ ஒன்றுதான் குறை!

அந்தப் பூ இங்கே வளராது. அதற்குக் குளிர்காலம் வேண்டும். கோடையில் நீண்ட பகலும் வேண்டும். திருநின்றவூரில் ஆண்டிலேயே நீண்ட பகல் கூட 13 மணி நேரத்தைத் தாண்டாது. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்து லாகூல் பள்ளத்தாக்கில் ஹாப் பயிரிட்டிருக்கிறார்கள். ஆனால் பீர் ஆலைகள் வெளிநாட்டுச் சரக்கையே பெரிதும் நம்பியிருக்கின்றன.

ரசமும் கொத்தமல்லியும்

நல்ல ஹாப் பீரை எப்படிக் கண்டுபிடிப்பது? சமையல் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ரசம் வைக்கும்போது மிளகை முதலிலேயே தட்டிப் போடுகிறோம். காரம் இறங்குகிறது. கொத்தமல்லியை இறக்கும் சமயத்தில் போடுகிறோம். மணம் நிற்கிறது. ஹாப்பும் அப்படியே. முதலில் போட்டுக் கொதிக்க வைத்த ஹாப் கசப்பைக் கொடுக்கும். கடைசியில் போட்டதும், ஆறிய பிறகு போட்டதும் மணத்தைக் கொடுக்கும். நார்த்தை இலை, எலுமிச்சைத் தோல், மாம்பழம் என்று ஹாப்பின் ஜாதிக்கு ஏற்ப வாசம் மாறும்.

மறுநாள் ரசத்தில் கொத்தமல்லி வாசம் இருக்குமா? ஹாப் வாசமும் நாள்பட நிற்காது. சூடு அதற்கு ஜென்மப் பகை. அந்தக் காலத்துக் கப்பல் பீர் ஆறு மாதம் ஆகிப் பக்குவப்பட்டது உண்மை. இந்தக் காலத்து ஐ.பி.ஏ.யோ புதிதாக இருந்தால்தான் சுவை.

ஆகவே பெயரைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். தயாரித்த தேதி பாட்டிலிலும் டின்னிலும் அச்சிட்டிருக்கும். பல மாதம் ஆனது என்றால் வேண்டாம். வெயிலில் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்தது என்றால் நிச்சயம் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப் நாற்றமடிக்கும். பழுப்பு நிறப் பாட்டிலும் டின்னும் வெளிச்சத்தைத் தடுக்கும். பச்சைப் பாட்டில் அவ்வளவு தடுக்காது. வெள்ளைப் பாட்டில் கொஞ்சமும் தடுக்காது.

கசப்புக்கு ஓர் அளவு உண்டு. ஐ.பி.யு. என்பார்கள். இலேசான லாகர் பீரில் இது 10-ஐ ஒட்டி இருக்கும். ஐ.பி.ஏ.யில் 40 முதல் 70 வரை போகும். முதல் தடவை சுவைப்பவர் 70-க்குப் பாய்ந்தால் முகம் சுளிப்பார். "பேல் ஏல்" என்று மட்டும் பெயர் போட்டதில் தொடங்கலாம்.

"ஸ்ட்ராங்" என்று எழுதியிருப்பதைக் கசப்பு என்று நினைத்து ஏமாறக்கூடாது. அது போதையின் அளவு. இந்தியாவில் விற்கும் பீரில் பெரும் பகுதி இந்த ஸ்ட்ராங்தான். அதில் ஹாப் மணத்தைத் தேட வேண்டியதில்லை. "பீர்தானே, ஒன்றும் செய்யாது" என்பதும் சுத்தப் பொய். 650 மில்லி பாட்டிலில் 7 சதவீத பீர் இருந்தால், 60 மில்லி பிராந்தி ஒன்றே முக்கால் பங்கு குடித்ததற்குச் சமம். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். குடும்பத்துப் பெண்களும் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 1948 முதல் 1971 வரை பூரண மதுவிலக்கு இருந்தது. இடையில் சில ஆண்டு விலகி, மறுபடி வந்து, 1981-ல் போயிற்று. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. அவசரமாக வாங்கி, அவசரமாகக் குடித்துவிட்டுப் போகும் பழக்கம் இங்கே ஊறிவிட்டது. மணம் பார்த்துக் குடிக்கும் பீருக்கு அங்கே யார் காத்திருக்கிறார்கள்?

பெங்களூரில் 2010-ஐ ஒட்டிச் சிறு பீர் ஆலைகள் தோன்றின. ஓட்டலின் உள்ளேயே கண் எதிரில் செம்புத் தொட்டியும் எஃகுத் தொட்டியும் இருக்கும். இந்திரா நகரில் "டாய்ட்", 2012-ல் மாக்ராத் ரோட்டில் தொடங்கிய "ஆர்பர்" ஆகியவை பெயர் பெற்றவை. ஆர்பரின் ஐ.பி.ஏ.வுக்கு "ரேஜிங் எலிபன்ட்" என்று பெயர். மதம் பிடித்த யானை! முழுக் கோப்பை வாங்குவதற்கு முன் கொஞ்சமாகச் சுவை பார்க்கக் கேட்கலாம். எந்தப் பீர் கடைசியாகக் காய்ச்சியது என்றும் கேட்கலாம். கேட்டால் சந்தோஷமாகச் சொல்லுவார்கள்.

பெங்களூர் எக்ஸ்பிரஸ்கள் திருநின்றவூர் வழியாகத்தான் பறக்கின்றன. ஏறுவதற்கு சென்ட்ரலுக்கோ அரக்கோணத்துக்கோ போக வேண்டும். ஆறு மணி நேரப் பயணம். போகிறவர்கள் வண்டி ஓட்டாமல் ரயிலிலேயே திரும்புவது உத்தமம். "நண்பனுக்கு ஒரு பாட்டில்" என்று பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். வெளி மாநில மதுவை இங்கே கொண்டு வந்தால் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 21 வயது ஆகாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் மது விற்கவே கூடாது.