ஆவாரம்பூக் குடிநீர்

“ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்னும் பழமொழியை அறியாதார் தமிழ்நாட்டில் அரியர். பழமொழிக்குரிய மிகை அதில் இருப்பினும், வேனில் வெப்பத்திற்கும் நாவறட்சிக்கும் அப்பூவைக் காய்ச்சிப் பருகி வந்த புன்செய்க் குடியானவர்களின் அனுபவமே அதற்கு மூலமாகும். காப்பியும் தேயிலையும் வீடுதோறும் புகுந்த பின்னர் இவ்வழக்கம் கைவிடப்பட்டுப் போயிற்று. வேலியோரத்தில் விலையின்றிப் பூப்பதைக் காலால் மிதித்துச் சென்று, அதனையே பட்டணத்துக் கடையில் காகிதப் பொட்டலத்தில் விலை கொடுத்து வாங்குவோர் இக்காலத்தில் பலர்.

ஆவாரை மழை குறைந்த செம்மண், சரளை நிலங்களில் தானே வளர்வது. ஆடுமாடுகள் இதனைப் பெரும்பாலும் மேய்வதில்லை. முற்காலத்தில் தோல் பதனிடுவோருக்கு இதன் பட்டை இன்றியமையாததாயிருந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வரத் தொடங்கிய பின் அதற்குக் கிராக்கி குறைந்தது. தழையை நெல்வயலில் பசுந்தழை உரமாக மிதிப்பதும் உண்டு. கொங்கு நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேம்புடனும் சிறுபீளையுடனும் ஆவாரம்பூ சேர்க்கப்படுகிறது. அப்பருவத்தில் பூ மிகுதியாகக் கிடைக்குமாதலால் சேகரிப்பதற்கும் அதுவே தக்க காலம்.

பூப்பறிக்கச் செல்வோர் முதலில் செடியை ஐயமற அறிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் பூப்பூக்கும் இனச் செடிகள் பல. அவற்றுள் நிலாவாரை என்பது திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கங்களில் ஏற்றுமதிக்காகப் பயிரிடப்படுவது. இலையும் காயும் பேதி மருந்து. பெயர் ஒற்றுமையால் ஏமாந்து இதனை நாள்தோறும் காய்ச்சிக் குடித்தால் வயிற்றுக் கடுப்பும், உடலிலுள்ள உப்புச்சத்துக் குறைந்து தளர்ச்சியும் உண்டாகும். நாளடைவில் மருந்தின்றி மலம் கழியாத நிலையும் நேரலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. ஆவாரையின் இலைக்காம்பு தண்டுடன் சேருமிடத்தில் காதுமடல் போன்ற அகன்ற சிற்றிலைகள் இரண்டு நிலைத்து நிற்கும். நிலாவாரையில் அவ்வாறு அகன்ற மடல் இல்லை. இதனைக் கண்ணால் கண்டு தெளியாதவர் பூவைத் தொடாதிருப்பதே நன்று.

சாலையோரத்துப் பூ புழுதியும் வண்டிப் புகையும் படிந்தது. பருத்தி வயலின் வரப்பிலுள்ளது கண்ணுக்குச் சுத்தமாகத் தோன்றினும், பயிருக்குத் தெளித்த பூச்சிமருந்து காற்றோடு அதன்மேல் படிந்திருக்கக்கூடும். ஆகவே தரிசிலும் குன்றடியிலும் உள்ள செடிகளையே நாட வேண்டும். பனி உலர்ந்த பின், காலையில், நன்கு மலர்ந்த பூக்களை மட்டும் கொய்து, தூய வெள்ளைத் துணியின்மேல் மெல்லியதாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துக. வெய்யிலில் போட்டால் விரைவில் காயும். ஆனால் நிறமும் மணமும் கெடும். தினம் இருமுறை புரட்டிவிட்டு, விரலால் நெருடினால் நொறுங்கும் பக்குவம் வந்த பின்னரே கண்ணாடிச் சீசாவில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டு அடைத்ததில் பூஞ்சணம் பிடிக்கும். அப்படிப்பட்டதை மீண்டும் உலர்த்திப் பயன்படுத்துவது ஆபத்தான சிக்கனம்.

ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி உலர்ந்த பூவும் 200 மில்லி நீரும் போதும். நீர் கொதித்ததும் இறக்கி, பூவை இட்டு, ஐந்து நிமிஷம் மூடிவைத்து வடித்தால் பொன்னிறமான, இலேசான துவர்ப்புள்ள பானம் கிடைக்கும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு மிஞ்சி நாவைப் பிடிக்கும். மணம் வேண்டுவோர் ஓர் ஏலக்காயைத் தட்டியிடலாம். சுக்கு சேர்ப்பதாயின் அதனை நீருடன் முன்னரே கொதிக்க விடுக. பூவைப் போல் அது எளிதில் சாரம் விடாது. பால் சேர்க்க வேண்டுவதில்லை. இலங்கையில் ரணவரா என்ற பெயரால் இதனையே காய்ச்சி, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பருகுவர். சுவைக்கு அதுவே மேலான முறை. தேயிலையிலுள்ள காபீன் இதில் இல்லாமையால் மாலையில் அருந்தினாலும் உறக்கம் கெடாது.

நீரிழிவு உள்ளவர்கள் இதனை மிகவும் நாடுகிறார்கள். விலங்குகளின்மேல் செய்த ஆய்வுகளில் இரத்தச் சர்க்கரை குறைந்ததென்பது மெய்யே. ஆயினும் இதனை நம்பி வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்தியவருக்குச் சர்க்கரை ஏறிக் கண்ணும் சிறுநீரகமும் பழுதாவது உறுதியாகக் காணக்கூடிய கேடு. மருந்துடன் சேர்த்து மிகுதியாகப் பருகினாலோ சர்க்கரை அளவு மீறிக் குறையவுங் கூடும். கருப்பட்டியும் சர்க்கரையே என்பதை இவர்கள் மறக்கலாகாது. வலிப்புக்குக் கார்பமசெபின் உட்கொள்ளுவோரும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் அருந்தக் கூடாது. துவர்ப்புச் சத்து உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்குமாதலால், சோகை உள்ளவர்கள் சாப்பாட்டிற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டுப் பருகுக.

வீட்டுத் தேவைக்கு மேல் மிகுந்ததை விற்க எண்ணும் மகளிர் குழுவினர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னதாகப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். பொட்டலத்தில் நோய் தீர்க்கும் என்று எழுதலாகாது. பறித்த மாதத்தையும் ஊரையும் எழுதலாம். ஒரே செடியில் எல்லாப் பூக்களையும் கொய்துவிடாமல், காய் பிடிக்கச் சிறிது விட்டுவைத்தால், முற்றிய விதைகளைச் சேர்த்து ஆடிப்பட்டத்தில் வேலியோரம் ஊன்றலாம். விதைத்தோல் கடினமாதலால், ஊன்றுமுன் மணலுடன் கலந்து இலேசாகத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைப்பது முளைப்பை விரைவுபடுத்தும்.