லண்டன்ல ரூம் தேடுறீங்களா? அந்தப் பழைய செங்கல் வீட்டுக்கு மூச்சு இருக்கு, மறந்துடாதீங்க!

நம்ம ஊர்ல டெரஸ்னா மொட்டை மாடி. பிரிட்டனில் 'டெரஸ்' என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. படிக்கவோ வேலைக்கோ அங்கே போகும் பலருக்கு முதல் ரூம் கிடைப்பது இப்படியொரு வீட்டில்தான். இவற்றில் ஏராளமானவை விக்டோரியா ராணி காலத்தில் (1837-1901) கட்டியவை.

ஏன் ஒட்டிக் கட்டினாங்க?

தொழிற்சாலை வேலைக்காக நகரங்களில் கூட்டம் குவிந்தது. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர் என்றால் இடமும் மிச்சம், செங்கல்லும் மிச்சம். 1850-ல் செங்கல் வரியும், 1851-ல் ஜன்னல் வரியும் போயின. கூரைக்கு வேல்ஸிலிருந்து ரயிலில் கற்பலகை வந்தது. 1875-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகு சாக்கடை, தெரு அகலம், கொல்லைப்புறம் எல்லாவற்றுக்கும் விதிகள் வந்தன.

எளிய வீட்டில் கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. கழிப்பறை கொல்லையில். பல வீடுகளில் இன்றைக்கும் கிச்சனைத் தாண்டி பாத்ரூம் இருப்பது ஏன்னு இப்போ புரியுதா? அது பிற்காலத்தில் பின்பக்கமாக ஒட்டவைத்தது!

வீடு எப்படி மூச்சு விடுது?

சுவர் சுமார் 9 அங்குலத் திடச் செங்கல். நடுவில் இடைவெளி கிடையாது. செங்கல்லை இணைத்தது சுண்ணாம்புக் கலவை. மழையில் குடிக்கும் ஈரத்தைக் காற்றிலும் வெயிலிலும் அது வெளியே விட்டுவிடும். மரத்தரைக்கு அடியில் காற்று ஓட, சுவரின் அடியில் துளைபோட்ட செங்கல். அறைகளில் கணப்படுப்பு. நிலக்கரி எரியும்போது ஈரக்காற்றைப் புகைபோக்கி மேலே இழுத்துக்கொள்ளும்.

பிறகு ஹீட்டர் வந்தது. கணப்படுப்பை அடைத்தார்கள். இடுக்கு இல்லாத ஜன்னல் போட்டார்கள். சுண்ணாம்பு இருந்த இடத்தில் சிமென்ட் பூசினார்கள். மூக்கையும் வாயையும் பொத்தின மாதிரி ஆகிடுச்சு. உள்ளே நாலு பேர் சோறு வடித்து, ஈரத்துணி காயப்போட்டால், அந்த ஆவி குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். அங்கேதான் கறுப்புப் பூஞ்சை. சளி, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது நிஜமான ஆபத்து.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* அலமாரிக்குப் பின்னாலும் மூலைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்க. புது பெயின்ட் ஒரு மூலையில் மட்டும் இருந்தால் காரணம் கேளுங்க.
* வெளியே துளைச் செங்கல் மண்ணாலோ பெயின்ட்டாலோ அடைபட்டிருக்கிறதா?
* கிச்சன், பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா?

குடிவந்த பிறகு...

வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், கொஞ்சம் இடைவெளி விடுங்க. சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்க, ஃபேன் போடுங்க. குளிரானாலும் தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறங்க.

இத்தனைக்கும் பிறகு பூஞ்சை வந்தால், தேதியோடு போட்டோ எடுத்து வீட்டு ஓனருக்கு இமெயில் அனுப்புங்க. "நீங்க சமைக்கிறதாலதான்" என்று சொன்னால் பயந்து அடங்கிவிட வேண்டாம். அவர் கண்டுகொள்ளாவிட்டால் உள்ளூர் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். சோறு வடிப்பது குற்றமில்லை. வீட்டின் மூச்சை அடைச்சது யாருன்னுதான் கேட்கணும்!