நெல்லிக்காய்க்கு ஒரு பரீட்சை!

சோகைக்குச் சித்த மருந்து கொடுத்து, தமிழ்நாட்டில் வளரிளம் பெண்கள் 2,648 பேரைக் கவனித்தார்கள். 2,300 பேர் 45 நாளும் விடாமல் சாப்பிட்டார்கள். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இதில் உண்டு. 2024-ல் வந்த ரிசல்ட்: ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது, களைப்பு, தலைவலி, முடி உதிர்வது குறைந்திருக்கிறது. சபாஷ்!

இந்தச் சேதி எங்கள் ஆபீஸ் டீ டயத்துக்கு வந்தபோது வால் முளைத்துவிட்டது. பக்கத்து ஸீட் நண்பரின் தங்கைக்கு ஹீமோகுளோபின் ஏழரை. (சனி இல்லை ஸார், கிராம்! பெண்களுக்குக் குறைந்தது 12 வேண்டும். 8-க்குக் கீழே போனால் கடுமையான சோகை.) "இரும்பு மாத்திரையை நிறுத்திட்டு நெல்லிக்கா லேகியம் குடுப்பா. கவர்ன்மென்ட்டே டெஸ்ட் பண்ணிடுச்சே!" என்றார் அக்கவுண்ட்ஸ் பெரியவர். நண்பரும் தலையை ஆட்டினார். எனக்குப் பகீரென்றது.

ஏனென்றால், அந்தப் பெண்கள் சாப்பிட்டது லேகியம் மட்டுமில்லை. அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு என்று நாலு கட்சிக் கூட்டணி! அன்னபேதி என்பதே இரும்பு உப்புதான்; அதைப் புடம் போட்டால் செந்தூரம். போதாக்குறைக்கு, முதலில் குடல்புழுவுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். கொக்கிப்புழு ரத்தம் குடிக்கிற ஆசாமி. அது வெளியேறினாலே பாதி தொல்லை விட்டது.

நெல்லிக்காய் சும்மா இருந்தது என்று சொல்லவில்லை. அதிலுள்ள வைட்டமின் சி, சாப்பாட்டு இரும்பைக் குடல் உறிஞ்ச உதவும். ஆனால், இரும்பே இல்லாமல் அது எதை இழுக்கும்? "மாத்திரையை நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேட்டுட்டு லேகியத்தையும் சேர்த்துக்குங்க" என்று நண்பரிடம் சொன்னேன். பெரியவர் முறைத்தார்.

நெல்லிக்காயின் மார்க்கைத் தனியாகப் பார்க்க வழி இருக்கிறது. எல்லோருக்கும் இரும்பு கொடுக்க வேண்டியது. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு நிஜ லேகியம், மீதிப் பேருக்கு டூப்ளிகேட். எது யாருக்கு என்று கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது, சாப்பிடுபவருக்கும் தெரியக்கூடாது. கடைசியில் ரத்தத்தைச் சோதித்து ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மாத்திரை என்றால் மாவில் டூப்ளிகேட் பிடித்துவிடலாம். லேகியத்துக்கு? அதே கறுப்பு, அதே பிசுபிசுப்பு, அதே துவர்ப்பு வேண்டும்... ஆனால் உள்ளே நெல்லிக்காய் இருக்கக்கூடாது. நாக்கை ஏமாற்றுவது லேசா?