உஷார்! எந்தக் கல் என்று தெரியாமல் சக்கரத்தில் வைக்காதீர்கள்

மேசை மேல் வைக்கும் அளவுக்கு ஒரு சின்ன இயந்திரம், வைரத்தூள் பதித்த நாலைந்து தகடுகள், இணையத்தில் வாங்கிய ஒரு பொட்டலம் கச்சா நீலக்கற்கள். இவ்வளவு இருந்தால் வீட்டிலேயே பட்டை தீட்டிவிடலாம் என்று வீடியோக்கள் ஆசை காட்டுகின்றன. சிலவற்றில் முகக்கவசமும் இல்லை, சொட்டு நீரும் இல்லை. சாப்பிடுகிற மேசையிலேயே கல்லை வைத்து உரசுகிறார்கள். பார்க்கும்போதே பதறுகிறது. பட்டை தீட்டுவது அருமையான கலை, அதைக் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொட்டலத்தில் இருப்பது இன்னதென்று தெரியாமல் ஒரு கல்லைக்கூடச் சக்கரத்தில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். போவது பணம் மட்டும் என்றால் இவ்வளவு பதற மாட்டேன்.

முதலில் பணத்தையே பார்த்துவிடுவோம். ஓகுஸ்ட் வெர்னுயி என்ற பிரெஞ்சு வேதியியலர், தீச்சுடரில் பொடியை உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அதே முறையில் நீலக்கல்லும் வந்துவிட்டது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் செயற்கைக் கல்லைப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அவர்கள் செயற்கைக் கல்லைச் செயற்கைக் கல் என்று சொல்லியே தொழில் செய்கிறார்கள், அதில் ஒளிவுமறைவு கிடையாது. மோசடி வேறு இடத்தில் நடக்கிறது. வெர்னுயி முறையில் வளர்த்த கட்டியை உடைத்து, உருட்டித் தேய்த்து, செம்மண் பூசி, சுரங்கத்திலிருந்து இப்போதுதான் எடுத்தது என்று விற்கிறார்கள். இலங்கையின் இரத்தினபுரிக்கும் மடகாஸ்கரின் இலாகாகாவுக்கும் போகிறவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். சுரங்க வாசலில் வாங்கினேன், அதனால் அசல்தான் என்று நம்பவே நம்பாதீர்கள். சுரங்க வாசலுக்கே போலிக்கல் வந்து காத்திருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசில் கல்லை எடை போடுங்கள். 2.00 கிராம், அதாவது 10 காரட், என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியையும் பக்கங்களையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 0.50 என்று காட்டினால் அடர்த்தி 4. நீலக்கல்லுக்கு அதுதான் கணக்கு. 0.80 என்று காட்டினால் கையில் இருப்பது சாதாரணக் கண்ணாடி. கரூர் வட்டாரத்தில் கிடைக்கும் ஐயோலைட்டும் பார்க்க நீலமாகவே இருக்கும். ஆனால் அது 0.77 பக்கம் நிற்கும். கல்லின் மேல் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழியைத் தட்டிவிட்டு எண்ணைப் படியுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும்.

இந்தச் சோதனையில் செயற்கை நீலக்கல்லும் தேறிவிடும், ஏனென்றால் அதன் அடர்த்தியும் 4-தான். அதைக் கண்டுபிடிக்கக் கல்லைத் தண்ணீரில் போட்டு, கீழே வெள்ளைத்தாள் வைத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். இயற்கைக் கல்லில் நிறம் நேர்கோட்டுப் பட்டைகளாக ஓடி, 120 டிகிரியில் முறிந்து திரும்பும். செயற்கையில் கோடுகள் வில்லாக வளைந்திருக்கும், நடுவே உருண்டைக் குமிழிகள் தெரியலாம். இவை இரண்டுமே தெரியாவிட்டால் நீங்களாக முடிவு கட்டாமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது. இங்கே ஜெய்ப்பூரிலும் மும்பையிலும் இருக்கின்றன.

என்னை உண்மையில் நடுங்க வைப்பது இனிமேல் சொல்லப்போவதுதான். வெடிப்பு விழுந்த மட்டமான கல்லின் விரிசல்களில் ஈயக்கண்ணாடியை உருக்கி இறக்கிப் பளபளப்பாக்கும் வித்தை, 2004 வாக்கில் மாணிக்கத்தில் பெரிய அளவில் தலைகாட்டியது. 2012 வாக்கில் கோபால்ட் சேர்த்த நீலக் கண்ணாடியோடு நீலக்கல்லுக்கும் வந்தது. சில கற்களில் இந்தக் கண்ணாடிதான் உடைந்த துண்டுகளையே சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட கல்லை நீங்கள் சக்கரத்தில் வைத்தால் என்ன ஆகும்? கல்லோடு ஈயமும் அரைபடும். அந்தக் கலங்கல் உங்கள் விரலில், மேசை விரிப்பில், தரையில் படிந்து காயும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கை வைத்து, கையை வாயில் வைக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியையே ஈயம் கெடுக்கும். ரத்தத்தில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். லென்ஸில் பார்க்கும்போது விரிசலுக்குள் தட்டையான குமிழி தெரிந்தாலோ, கல்லைத் திருப்பும்போது விரிசலில் மட்டும் நிறம் மின்னி மறைந்தாலோ, நீலம் விரிசல்களிலேயே தங்கியிருந்தாலோ அந்தக் கல்லைத் தொடாதீர்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று பழைய ஈயத் தகட்டை மெருகு போட வாங்குவதையும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது சிலிக்கா. நீலக்கல் அலுமினியம் ஆக்சைடு. அதன் தூள் சிலிக்காவைப் போலக் கொடியதல்ல. ஆனால் புதிதாகப் பழகுகிறவர் கையில் முதலில் கொடுப்பது நீலக்கல்லையா? ஸ்படிகம், செவ்வந்திக்கல், அகேட் இவற்றைத்தான் கொடுக்கிறார்கள். இவை எல்லாமே சிலிக்கா. ஆற்றுச் சரளையிலிருந்து வரும் பொட்டலத்திலும் ஸ்படிகத் துண்டுகள் கலந்திருக்கும். கண்ணுக்கே தெரியாத இந்தத் தூசி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாகும். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் உரசும் தொழிலாளர்களை ஆண்டாண்டு காலமாக அரித்துக்கொண்டிருக்கும் சிலிகோசிஸ் இதுதான். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் ஆபத்தையும் இது கூட்டிவிடும். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக நாம் ஏன் சுவாசிக்க வேண்டும்?

நீலக்கல்லின் கடினம் 9. வைரத்தூள் தகட்டில்கூட மெதுவாகத்தான் கரையும், ஒரு கல்லுக்கே பல மணி நேரம் பிடிக்கும். பொறுமை போனதும், கல்லில் தீட்டும் பட்டை சரியாகத் தெரியட்டும் என்று தண்ணீரை நிறுத்திவிட்டு உரசுவார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும். கலங்கல் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. என்-95 முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். ஈரமாக உரசினாலும் கவசத்தைக் கழற்றாதீர்கள், ஏனென்றால் தெறிக்கும் நுண்துளியோடு தூசியும் மிதக்கும். சமையலறையிலும் படுக்கையறையிலும் இந்த வேலை வேண்டாம். கலங்கல் நீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். வேலைச் சட்டையை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

தண்ணீரும் மோட்டாரும் ஒரே மேசையில் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். எர்த் உள்ள மூன்று முள் பிளக், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இரண்டும் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். துப்பட்டாவையும் அவிழ்ந்த கூந்தலையும் சுற்றுகிற சக்கரம் நொடியில் இழுத்துக்கொள்ளும். குச்சியில் கல்லை ஒட்ட அரக்கை உருக்கும் ஸ்பிரிட் விளக்கு எரியும்போது, பசையைக் கரைக்கும் அசிட்டோன் பாட்டில் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

ஏற்கெனவே கல் உரசிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, மாடிப்படி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சிரைப்பு வந்தாலோ டாக்டரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும், வீட்டில் கல் பட்டை தீட்டுகிறேன் என்று நீங்களாகச் சொல்லுங்கள். கண்ணாடி நிரப்பிய கல்லை உரசியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், வீட்டில் இருக்கும் குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள்.